வரிப்பணத்தில் நடந்த மருத்துவ ஆய்வைக் காசு கொடுக்காமல் படிப்பது எப்படி? அமெரிக்க என்.ஐ.எச். விதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கட்டுரை ஒன்றைத் தேடிப் போனால், பாதி நேரம் சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அப்படிச் சாத்தப்படும் கட்டுரைகளில் நிறைய, அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுகள். அவற்றுக்கு இலவசப் பிரதி இருந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இது தெரியாமல் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், படிக்காமலே திரும்பிப் போனவர்களை அதைவிட நிறையப் பார்த்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், அந்த விதி என்னதான் சொல்கிறது?

என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிலையங்கள் மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்டாவில் இருக்கின்றன. மொத்தம் 27 நிலையங்களும் மையங்களும். ஆண்டு பட்ஜெட் ஏறத்தாழ 4,800 கோடி டாலர், அதில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆய்வு மானியமாகப் போகிறது. அந்த மானியத்தில், முழுதாகவோ ஓரளவுக்கோ, நடந்த ஆய்விலிருந்து வரும் கட்டுரையை, சக ஆய்வாளர்கள் பரிசோதித்து இதழ் ஏற்றுக்கொண்டதும், பப்மெட் சென்ட்ரல் (சுருக்கமாக பி.எம்.சி.) என்ற இலவசக் களஞ்சியத்தில் போட வேண்டும். 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்பட்ட கட்டுரை என்றால், இதழில் வெளியாகும் அதே நாளில் அங்கேயும் திறந்துவிட வேண்டும். அதற்கு முன்பு, 2008 ஏப்ரல் 7 முதல் ஏற்கப்பட்டவற்றுக்கு, அதிகபட்சம் 12 மாதம் வரை மூடி வைத்திருக்கலாம்.

விதி அவ்வளவுதான். கிளைக்கதைகள்தான் நிறைய.

இதழின் பக்கத்தில் 40 டாலர் கேட்கிறதே, பிறகு எப்படி இலவசம் என்கிறீர்கள்?

இதழின் பக்கத்தில் கேட்கத்தான் செய்யும். அவர்கள் விற்பது அவர்கள் அச்சிட்ட பிரதியை. பக்கத்துத் தெருவில் இதே சரக்கு சும்மா கிடைக்கிறது என்று எந்தக் கடைக்காரரும் போர்டு வைக்க மாட்டார் இல்லையா?

என் தோழி ஒருத்தியின் அப்பாவுக்கு நுரையீரல் திசு தடித்து இறுகிப்போகும் நோய் வந்தது. இரவு பதினொரு மணிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். ஒரு நாள் மட்டும் படித்துக்கொள்ள 39.95 டாலர் என்று இருந்தது, "கட்டிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாள். கட்டுரையின் தலைப்பை எடுத்து பப்மெட் என்ற தேடல் தளத்தில் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் முழுக் கட்டுரைக்கான சுட்டிகள் என்று ஒரு சின்னப் பெட்டி, அதில் இரண்டு பட்டன்கள். மேலே இருந்தது பதிப்பகத்தின் சின்னம், நல்ல வண்ணத்தில், பளிச்சென்று. கீழே இருந்தது பி.எம்.சி. என்ற பட்டன். அவள் மேலே இருந்ததை அழுத்தியிருக்கிறாள், எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள். கீழே இருந்ததை அழுத்தியதும் முழுக் கட்டுரையும் படங்களோடும் அட்டவணைகளோடும் திறந்தது. கணக்குத் தொடங்கு, மின்னஞ்சல் கொடு என்று எதுவும் கேட்கவில்லை.

ஆகவே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதழின் பக்கத்தில் விலை தெரிந்தால் உடனே தலைப்பை நகலெடுத்து பப்மெட்டில் போடுங்கள். அங்கே இடது பக்கம் இலவச முழுக் கட்டுரைகளை மட்டும் காட்டச் சொல்லும் வடிகட்டியும் இருக்கிறது. அதற்கு அப்புறம் பர்ஸை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

பப்மெட், பப்மெட் சென்ட்ரல் இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். பப்மெட் ஒரு அட்டவணை மாதிரி, மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் தலைப்பு, ஆசிரியர்கள், சுருக்கம் எல்லாம் அதில் உண்டு, கட்டுரை கிடையாது. 1997-லிருந்து பொதுமக்களுக்கு இலவசம். பப்மெட் சென்ட்ரல் 2000-ல் தொடங்கியது. முழுக் கட்டுரைகள் இருப்பது இங்கேதான், ஒரு கோடிக்கும் மேல். இரண்டையும் நடத்துவது என்.ஐ.எச்.-இன் கீழுள்ள தேசிய மருத்துவ நூலகம், பெயரும் கிட்டத்தட்ட ஒன்றே, குழம்பாமல் என்ன செய்வோம்? எண்ணைப் பாருங்கள். பி.எம்.ஐ.டி. என்றால் அட்டவணையில் ஒரு வரி. பி.எம்.சி.ஐ.டி. என்று, பி.எம்.சி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண் இருந்தால் முழுக் கட்டுரை அங்கே இருக்கிறது (அல்லது காத்திருப்பு முடிந்ததும் வரப்போகிறது) என்று பொருள்.

இலவசப் பிரதி பார்ப்பதற்கு வேறு மாதிரி இருக்கிறதே, நம்பலாமா?

நம்பலாம். ஒரு கட்டுரைக்கு மூன்று பிறவி. ஆசிரியர் முதலில் இதழுக்கு அனுப்பிய பிரதி ஒன்று. சக ஆய்வாளர்கள் படித்துக் கேள்வி கேட்டு, ஆசிரியர் அதற்கெல்லாம் பதில் சொல்லித் திருத்தி, இதழ் "சரி, ஏற்கிறோம்" என்று சொன்ன பிரதி இரண்டாவது. அதைப் பதிப்பகம் மொழி திருத்தி, பக்கம் வடிவமைத்து, பக்க எண் போட்டு வெளியிடுவது மூன்றாவது. என்.ஐ.எச். கட்டாயமாகக் கேட்பது இரண்டாவதை. ஆய்வு முடிவுகள், எண்கள், படங்கள் எல்லாம் அதில் உண்டு.

பக்கத்தின் மேலேயே "ஆத்தர் மேனுஸ்கிரிப்ட்" என்று எழுதி, எந்த நாளிலிருந்து திறந்திருக்கிறது, இறுதி வடிவம் எந்த இதழில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று போட்டிருக்கும். மேற்கோள் காட்டுவதாக இருந்தால் அந்த இறுதி வடிவத்தின் விவரங்களைக் கொடுங்கள். மருந்தளவு மாதிரி, ஒரு புள்ளி இடம் மாறினாலும் விபரீதமாகும் எண் என்றால் மட்டும் இதழில் வந்த வடிவத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதை யார் அங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள்?

ஆசிரியரின் பொறுப்பு. பல இதழ்கள் தாங்களே நேரடியாக அனுப்பிவிடுகின்றன. இல்லையென்றால் ஆசிரியரோ அவருடைய அலுவலக உதவியாளரோ என்.ஐ.எச்.எம்.எஸ். என்ற தளத்தில் கோப்பை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் வேலை முடிந்துவிடாது, ஆசிரியர் ஒரு முறை ஒப்புதல் தர வேண்டும், அவர்கள் அதை இணையப் பக்கமாக மாற்றிய பிறகு சரிபார்த்து இன்னொரு முறையும் ஒப்புதல் தர வேண்டும். அந்த மின்னஞ்சலைப் பார்க்காமலே விட்டுவிடுகிற ஆசிரியர்கள் உண்டு. கட்டுரை வந்து மாதக்கணக்காகியும் பி.எம்.சி.யில் காணோம் என்றால் இப்படி எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 2005 மே மாதம் இந்தக் கொள்கை முதலில் வந்தபோது கட்டாயமே கிடையாது, "விருப்பமிருந்தால் போடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். சில மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் வந்து சேர்ந்தது நான்கு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அறிவியலாளர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அடுத்த மானிய விண்ணப்பம் தலைக்கு மேல் தொங்கும்போது, போன வருடக் கட்டுரையை இன்னொரு தளத்தில் ஏற்றுவது யாருக்கு ஞாபகம் இருக்கும்? அப்புறம்தான் நாடாளுமன்றம் 2007 டிசம்பரில் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு பத்தியைச் சேர்த்துக் கட்டாயமாக்கியது. அதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. 2013-ல், கட்டுரைகளைப் போடாதவர்களுக்கு அடுத்த ஆண்டு மானியத் தவணை நிறுத்திவைக்கப்படும் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த 12 மாதக் காத்திருப்பு எதற்கு இருந்தது? இப்போது ஏன் எடுத்துவிட்டார்கள்?

சந்தா விற்கும் இதழ்களைச் சமாதானப்படுத்த வைத்தது. புதுக் கட்டுரைக்கு நூலகங்கள் சந்தா கட்டும், ஒரு வருடம் பழசானதும் ஊருக்கே கொடுத்துவிடலாம் என்ற ஏற்பாடு. பதிப்பகத்தின் கணக்கில் ஒரு வருடம் சின்ன விஷயம். இன்ன நோய் என்று இன்றைக்குச் சொல்லப்பட்டவருக்கு அது சின்ன விஷயமா? என்னைக் கேட்டால் அது ஆரம்பத்திலிருந்தே மோசமான பேரம். பேரம் பேசாமல் இருந்திருந்தால் சட்டமே வந்திருக்காது என்பதும் உண்மை.

2013 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகம், ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆய்வுக்குச் செலவழிக்கும் எல்லாத் துறைகளும் இப்படி ஒரு விதி வைக்கவேண்டும் என்று சொன்னது, காத்திருப்பு மட்டும் அப்படியே இருந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது பெரிய பதிப்பகங்கள் எல்லாம் அது தொடர்பான கட்டுரைகளை உடனடியாகத் திறந்துவிட்டன. யாரும் கடையை மூடிவிட்டுப் போகவில்லை. அவசரத்துக்குத் திறக்க முடிகிறது என்றால் புற்றுநோய் மட்டும் நிதானமான நோயா என்று பலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். 2022 ஆகஸ்ட் 25 அன்று அதே அலுவலகம், அப்போது அதன் பொறுப்பிலிருந்த அலோண்ட்ரா நெல்சன் கையெழுத்தில், காத்திருப்பே கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் எழுதியது, கெடு 2025 முடிவு. என்.ஐ.எச். தன் பங்குக்கு அதை முன்னே இழுத்து ஜூலை 1 ஆக்கிவிட்டது. எழுதியது ஒரு கட்சியின் ஆட்சி, நடைமுறைக்கு வந்தது இன்னொரு கட்சியின் ஆட்சியில். வாஷிங்டனில் இது தினமும் நடக்கிற காரியம் இல்லை.

பதிப்பகங்கள் என்ன சொல்லி எதிர்த்தன?

"மதிப்பாய்வை ஒழுங்குபடுத்துவது, திருத்துவது, வெளியிடுவது எல்லாம் எங்கள் செலவு, அந்த உழைப்பை அரசு சும்மா எடுத்துக்கொடுக்கிறது" என்றார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. சின்னச் சின்ன அறிவியல் சங்கங்கள் ஒரே ஒரு இதழின் சந்தாவில்தான் மாநாடு நடத்துகின்றன, அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எழுதுகிறவருக்கு இதழ் காசு தருவதில்லை, மதிப்பாய்வு செய்கிறவருக்கும் பொதுவாகக் கிடையாது, ஆய்வுக்கான பணம் வரிப்பணம், கடைசியில் சந்தா கட்டும் பல்கலைக்கழக நூலகத்திலும் ஓரளவு வரிப்பணம். 2012-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகமே, சில பதிப்பகங்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலர் போகிறது, இனித் தாங்காது என்று தன் பேராசிரியர்களுக்கு எழுதியது. ஹார்வர்டுக்கே தாங்காது என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல!

2011 டிசம்பரில் டாரல் ஐசா, கேரலின் மலோனி என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள், இந்த மாதிரி விதிகளையே தடை செய்யும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எல்செவியர் என்ற பெரிய பதிப்பகம் அதை ஆதரித்தது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் கணிதவியலாளர் டிமோத்தி கோவர்ஸ், இனி எல்செவியர் இதழ்களுக்கு எழுத மாட்டேன் என்று அறிவிக்க, ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் தாங்களும் அப்படியே என்று கையெழுத்துப் போட்டார்கள். பிப்ரவரி 27 அன்று எல்செவியர் ஆதரவை விலக்கிக்கொண்டது, மசோதாவும் அன்றோடு படுத்துவிட்டது.

நோயாளி இதையெல்லாம் படித்து என்ன செய்யப் போகிறார்? மருத்துவர் சொல்வது போதாதா?

பெரும்பாலான நேரங்களில் போதும். படித்துவிட்டு மருந்தை நீங்களே மாற்றாதீர்கள், அது வேறு கதை.

ஆனால் அரிதான நோய் என்று வரும்போது மருத்துவரே அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார். ஷேரன் டெரி என்ற அமெரிக்கப் பெண்மணியின் இரண்டு குழந்தைகளுக்கும் 1994-ல், தோலையும் கண்ணையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கும் பி.எக்ஸ்.இ. என்ற பரம்பரை நோய் இருப்பது தெரிந்தது. அவரும் கணவரும் அறிவியல் பின்னணி இல்லாதவர்கள். மருத்துவ நூலகங்களுக்கு அலைந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டுரைகளைப் படித்தார்கள், நோயாளிகளின் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள், இரத்த மாதிரிகள் சேகரித்தார்கள். நோய்க்குக் காரணமான மரபணு 2000-ல் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த வேலையில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. எல்லாப் பெற்றோரும் இப்படி ஆக முடியாதுதான். படிக்கக் கிடைக்காவிட்டால் ஒருவர்கூட ஆக முடியாது.

இன்னொன்று, இது என்.ஐ.எச். கட்டுரை இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லைபீரியாவில் எபோலா கிருமி இருந்ததற்கான அறிகுறியை 1982-லேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு இதழில் எழுதியிருக்கிறார்கள். 2014-ல் அந்த நாட்டையே எபோலா புரட்டிப்போட்ட பிறகுதான் அங்கிருந்த சுகாதார அதிகாரிகளுக்கு அந்தக் கட்டுரை தெரியவந்தது. 2015-ல் அவர்களே எழுதினார்கள்: அப்படி ஒரு கட்டுரையை இறக்க 45 டாலர், லைபீரிய மருத்துவர் ஒருவரின் ஏறக்குறைய அரை வாரச் சம்பளம்.

அமெரிக்காவில் இல்லாதவர்கள் படிக்கலாமா?

தாராளமாக. நாடு, குடியுரிமை எதையும் பார்ப்பதில்லை.

இலவசம்தானே, தமிழில் மொழிபெயர்த்து என் தளத்தில் போடலாமா?

இங்கே நிதானம். படிக்க இலவசம் என்பது வேறு, எடுத்தாள உரிமை என்பது வேறு. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்பதற்காகக் கட்டுரை பொதுச்சொத்து ஆகிவிடாது, பதிப்புரிமை ஆசிரியரிடமோ பதிப்பகத்திடமோ இருக்கும். 2008 விதியும் பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செயல்பட வேண்டும் என்றே எழுதப்பட்டது. முழு மொழிபெயர்ப்பு என்றால் கட்டுரையில் உரிமக் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை என்று இருந்தால், பெயரையும் மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, இது மொழிபெயர்ப்பு என்றும் சொல்லிவிட்டுத் தாராளமாகச் செய்யலாம். கூடவே என்.டி. என்று இருந்தால் மொழிபெயர்ப்பை வெளியிடக் கூடாது. எதுவுமே இல்லையென்றால் அனுமதி கேட்க வேண்டும்.

ஆசிரியர்கள் எல்லோரும் அமெரிக்க அரசின் ஊழியர்கள், வேலையின் பகுதியாக எழுதியது என்றால் மட்டும் அமெரிக்காவில் அதற்குப் பதிப்புரிமை கிடையாது. என்.ஐ.எச்.-இன் சொந்த ஆய்வகங்களிலிருந்து வருகிற கட்டுரைகள் சில இந்த வகை. மற்றபடி, ஒரு கட்டுரையைப் படித்துப் புரிந்துகொண்டு, உங்கள் சொந்தச் சொற்களில், சுட்டி கொடுத்துத் தமிழில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். வாசகருக்கும் அதுதான் உபயோகம். வரிக்கு வரி மொழிபெயர்த்த ஆய்வுக் கட்டுரையை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?

வாசகருக்கு இலவசம் என்றால் ஆசிரியர் பணம் கட்டுகிறாரா?

பி.எம்.சி.யில் போட ஒரு காசும் இல்லை. ஆனால் இதழே கட்டுரையைத் தன் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டும் என்றால் பல இதழ்கள் வெளியீட்டுக் கட்டணம் கேட்கின்றன. நேச்சர் இதழ் 2021-ல் இந்த வழியைத் திறந்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்றது. அந்தப் பணமும் பெரும்பாலும் மானியத்திலிருந்து, அதாவது திரும்பவும் வரிப்பணத்திலிருந்து போகிறது. முன்வாசலில் வாங்கிக்கொண்டிருந்த காசைப் பின்வாசலில் வாங்குகிறார்கள் என்று எனக்குக் கடுப்பு உண்டு. இதற்கு உச்சவரம்பு வைக்கப்போவதாக 2025 ஜூலையில் என்.ஐ.எச். அறிவித்தது.

பி.எம்.சி.யில் இருந்தால் அது நம்பகமான ஆய்வுதானா?

அப்படி அர்த்தம் இல்லை. நூலகத்தில் இருக்கும் புத்தகம் எல்லாம் நல்ல புத்தகமா? கூடவே இப்போது மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதிகளும் அங்கே வருகின்றன, 2020-ல் கொரோனா ஆய்வுகளோடு ஆரம்பித்தது. மேலே "ப்ரீபிரிண்ட்" என்று தெளிவாகப் போட்டிருக்கும், பார்க்காமல் தாண்டிப் போகாதீர்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் அதற்கும் குறிப்பு இருக்கும். எலியில் செய்ததா மனிதர்களிலா, எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். கட்டுரை தலைசுற்ற வைத்தால் அதே நூலகம் பொதுமக்களுக்காக நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தில் அந்த நோயைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு தேடியும் இலவசப் பிரதி இல்லை, என்ன செய்ய?

2008-க்கு முந்தையதாக இருக்கலாம், என்.ஐ.எச். பணம் இல்லாததாக இருக்கலாம். அன்பேவால் (Unpaywall) என்ற பிரவுசர் நீட்சி, ஆசிரியர் வேறு எங்காவது சட்டப்படி போட்டு வைத்த பிரதியைத் தேடித் தரும். அதுவும் கைவிட்டால் ஆசிரியருக்கே எழுதுங்கள். தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி சுருக்கத்தோடு பெரும்பாலும் இருக்கும். நீங்கள் யார், எந்தக் கட்டுரை, எதற்கு வேண்டும் என்று மூன்று வரி போதும். நீங்கள் கட்டும் 40 டாலரில் அவருக்கு ஒரு சென்ட்கூடப் போவதில்லை என்பதால் பெரும்பாலோர் சந்தோஷமாகவே அனுப்புகிறார்கள், தன் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்பதே அவர்களுக்குச் செய்தி. எனக்கு ஒரு முறை ஒரே நாளில் பதில் வந்தது. கோப்போடு இப்படி ஒரு வரியும் இருந்தது: "மூன்றாம் அட்டவணையில் ஒரு எண் தப்பு, திருத்தம் பின்னால் வந்தது, அதையும் இணைத்திருக்கிறேன்."